கஞ்சாவும் நம் பிள்ளைகளின் உடம்பும்



கொழும்புக் கடைகளில் வேலை செய்து தீபாவளிக்கு லயத்துக்கு வரும் நம் பிள்ளைகளில் சிலர் கஞ்சாப் பழக்கத்தோடு வருகிறார்கள். "செடிதானே, நினைத்தால் விட்டுவிடலாம்" என்கிறார்கள். உடம்புக்குள் நடப்பதை நாம் தெரிந்துகொள்வோம்.

புகைத்தால் சில நிமிடங்களில் டி.எச்.சி. என்ற பொருள் மூளைக்கு ஏறுகிறது. கஞ்சா கலந்த மதன மோதகத்தைத் தின்றால், வயிறும் ஈரலும் கடந்து ஏற 1 மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம். "ஏறவில்லையே" என்று இன்னொன்று தின்பதுதான் ஆபத்து. அது கொழுப்பில் தங்குவதால், தினமும் பாவித்தவர் நிறுத்தி சில வாரம் கழித்தும் சிறுநீரில் தெரியும்.

அந்தப் பொருளை ஏற்க மூளையில் வாசல்கள் உண்டு. தினமும் பாவித்தால் மூளை அவற்றில் பலவற்றை மூடிவிடுகிறது. பெக்டரியை ஒட்டிய லயத்தாருக்கு இயந்திரச் சத்தம் உறைக்காமல் போவதுபோலத்தான். நேற்று ஒன்று போதும், இன்று மூன்று வேண்டும். சம்பளமும் அப்படியே கரைகிறது.

நிறுத்தினால் முதல் வாரம் தூக்கம் வராது, பசிக்காது, எரிந்து விழுவான். பலருக்கு 2 வாரத்தில் தணியும். 4 வாரம் நிறுத்தியவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், அந்த வாசல்கள் பெரும்பாலும் திரும்பத் திறந்திருந்தன.

ஆகவே அந்த நாட்களில் பிள்ளையை ஏசித் துரத்தாதீர்கள். அந்த எரிச்சல் அவன் குணமல்ல, உடம்பு சீராகும் பாடு. இல்லாத குரல் கேட்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சிகிச்சை நிலையம் கண்டியிலும் உண்டு. தனியாகப் போகத் தயங்கினால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். நாங்கள் கூட வருகிறோம்.