பனி கொட்டுமுன் செய்யும் வேலை

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரொறன்ரோவில் வைத்தியராக இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் "அந்தப் பனியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். இன்றைக்கு அதையே பேச எடுத்துக்கொண்டேன்.

கண்டியில் பனி என்றால் விடியற்காலையில் ஹந்தானையை மூடிவிட்டு வெயில் ஏறியதும் கலைந்துபோவது. நுவரெலியாவில் தை, மாசியில் புல் வெளுக்கும், கொழுந்து கருகும். ரொறன்ரோவில் அது முழங்கால் வரை குவியும். 1999 ஜனவரியில் இரண்டு வாரத்துக்குள் 100 சென்றிமீற்றருக்கு மேல் கொட்டியது. அன்றைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். மற்ற ஊர்க்காரர் அதைச் சொல்லி இன்றும் சிரிப்பார்கள்.

மற்ற ஆண்டுகளில் இராணுவம் தேவைப்படுவதில்லை. எவ்வளவு பனி விழுந்தால் எந்த வேலை தொடங்க வேண்டும் என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும். விழத் தொடங்கியதும் உப்பு லொறிகள் புறப்படும். உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது. 2.5 சென்றிமீற்றர் சேர்ந்தால் அதிவேக வீதிகளிலும், 5 சேர்ந்தால் பிரதான வீதிகளிலும் பனி வழிக்கும் வண்டிகள் இறங்கும். பனி நின்று 8 சேர்ந்திருந்தால் குடியிருப்புத் தெருக்களுக்கு வரும். அம்புலன்சும் பஸ்ஸும் ஓடும் பாதைக்கே முதலிடம். "என் வாசலுக்கு ஏன் முதலில் வரவில்லை?" என்ற முறைப்பாடு அங்கேயும் உண்டு. ஆனாலும் வரிசை மாறாது.

வீட்டு வாசல் நமது பொறுப்பு. அங்கேதான் வைத்தியருக்கும் வேலை வருகிறது. கியூபெக் மாகாணப் பதிவுகளை வைத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, கடும்பனிக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், ஈரப்பனியோ பாரமானது. நம்மவர்களுக்கு இளவயதிலேயே இருதய நோய் வருவதுண்டு. குளிர்நாடுகளில் இருக்கும் சகோதரிகளே, வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள்: தூக்கி எறியாமல் தள்ளட்டும், சிறிது சிறிதாக அள்ளட்டும், நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி அம்புலன்சை அழைக்கட்டும். காரை இயக்குமுன் புகைக்குழாயை மூடிய பனியை அகற்றுங்கள். மணமில்லாத காபனோரொட்சைட்டு காருக்குள் இருப்பவரைக் கொன்றுவிடும்.

இதையெல்லாம் மலைநாட்டில் நின்று ஏன் சொல்கிறேன்? நமக்குப் பனி இல்லை, மழை இருக்கிறது. நமக்கும் அளவுகள் உண்டு. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 பெய்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்கிறது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அளவு மட்டும் போதாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க இடம் இருக்கவில்லை.

ரொறன்ரோவின் பலம் வண்டிகளில் மட்டும் இல்லை. அங்கே அளவு எட்டியதும் எங்கே, யார், எதைச் செய்வது என்பதற்குப் பதில் தயாராக இருக்கிறது. நமது பாடசாலைக்குத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலர். சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்விகள் கேட்போம்: இரவில் வெளியேறச் சொன்னால் எங்கே போவீர்கள்? யார் கூட்டிப்போவார்? வீட்டில் நடக்க முடியாதவர், கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர் இருக்கிறார்களா? பதில் இல்லாத வீடுகளின் பட்டியலோடு கிராம உத்தியோகத்தரையும் தோட்ட நிர்வாகத்தையும் போய்ப் பார்ப்போம். இடம் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் போவோம்.

நூறு ஆண்டு நிறைந்த சங்கத்துக்கு இது முடியாத வேலையல்ல.