வைஃபை பெட்டி வாங்கப் போகிறீர்களா?

(மயூர் விஹாரில் வாசிப்பு வட்டத்தில் பேசியது)



வைஃபை என்பது ஒரு ரேடியோதான். வானொலி நிலையம் ஊருக்கே ஒலிபரப்புகிறது. வைஃபை பெட்டி உங்கள் வீட்டுக்கும் அதைச் சுற்றிச் சிறிது தூரத்துக்கும் மட்டும் ஒலிபரப்புகிறது. அந்தப் பெட்டியின் பெயர் ரூட்டர். முன்பெல்லாம் வீட்டு ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டினோம். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வைஃபைக்கு அந்தத் தொல்லை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி செய்தது.

கடையில் என்ன காட்டுவார்கள்? நாலு கொம்பு, ஆறு கொம்பு வைத்த பெட்டியைக் காட்டுவார்கள். கொம்பு அதிகம் என்றால் விலையும் அதிகம். நீங்கள் கொம்பை எண்ணாதீர்கள். வீட்டுச் சுவரை எண்ணுங்கள்.

இங்கே நம் அடுக்குமாடி வீடுகள் எப்படிப்பட்டவை? செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. அலை ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் இளைக்கும். இரும்புப் பீரோ அதைத் தடுக்கும். தண்ணீர் நிரம்பிய கூலரும் தடுக்கும். ஆனால் பெட்டியை எங்கே வைக்கிறோம்? வயர் நுழைகிற வாசல் மூலையில், பீரோவுக்குப் பின்னால்! பிள்ளை கடைசி அறையில் உட்கார்ந்து படிக்கிறது. பாடம் பாதியில் நின்றுவிடுகிறது. உடனே புதுப் பெட்டிக்குப் பணம் தேடுகிறோம்.

வேண்டாம். இணைப்பு தரும் கம்பெனியே பெரும்பாலும் ஒரு பெட்டி தரும். முதலில் அதை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைத்துப் பாருங்கள். வயர் நீளம் போதாவிட்டால் கம்பெனி ஆளிடம் கேளுங்கள். கண்ணாடி இழை வயரை நீங்களே இழுத்து மடக்காதீர்கள்.

அப்படியும் எட்டவில்லையா? அப்போது வாங்கலாம். டூயல் பேண்ட் பெட்டியாகக் கேளுங்கள். அதில் இரண்டு அலை உண்டு. 2.4 அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து வீடு, மேல் வீடு எல்லாம் அதே அலையில்தான். மைக்ரோவேவ் அடுப்பும் அதைக் கெடுக்கும். 5 அலை வேகமானது, நெரிசல் குறைவு. ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். விலை குறைந்த பழைய போன்கள் பலவற்றுக்கு 5 அலை தெரியாது. அதனால் இரண்டும் வேண்டும்.

உங்கள் இணைப்பு நொடிக்கு 50 மெகாபிட் என்றால், ஆயிரம் மெகாபிட் என்று அட்டையில் எழுதிய பெட்டி வாங்கினாலும் இணையம் 50தான் வரும். குழாய் சிறியது, அண்டா பெரியது!

ரிப்பீட்டர் என்ற சிறிய கருவி மலிவு. பிளக்கில் செருகினால் போதும். ஆனால் மலிவானவை ஒரே அலையில் வாங்கி அதே அலையில் கொடுக்கும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். கடைசி அறைக்கு லேன் வயர் இழுத்து, அங்கே இன்னொரு பெட்டி வைப்பது மேல். வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் மெஷ் பெட்டிகள் உண்டு. விலை அதிகம்.

இப்போது பூட்டு. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. சற்று முன்பாக ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருந்தது. போலீஸ் தேடிப் போனது நவி மும்பையில் ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டு வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர் விசாரணைக்கு ஆளானார்.

ஆகவே பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். பூட்டு வகையில் டபிள்யூபிஏ 2 அல்லது டபிள்யூபிஏ 3 இருக்கவேண்டும். விருந்தினருக்குத் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் வைக்கப் பல பெட்டிகளில் வசதி உண்டு.

பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் உள்ள மாடல் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள். பாஸ்வேர்டை எழுதி வரவேண்டாம். உங்கள் பெட்டியில் எத்தனை அலை என்று சேர்ந்து பார்ப்போம்.