ஒன்பதாம் வசனமும் பன்னிரண்டாம் வசனமும்



வேதத்தைத் தானே ஆராய்ந்து, தன் விசுவாசத்தைத் தானே கண்டடையும் பெண்ணுக்குச் சபையில் என்ன இடம்? இதைக் கேட்டால் உடனே வரும் பதில், இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த பேச்சு என்பது. காஞ்சியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியுமா? மணிமேகலையை எண்ணிப் பாருங்கள். வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கப் புறப்பட்டவளுக்கு, இளம்பெண் என்றால் ஒருவரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள் என்பதால் ஆண் தவசியின் உருவெடுக்க வேண்டியிருந்தது. எல்லாரையும் கேட்டாள், மனம் ஒப்பவில்லை. பிறகு இந்தக் காஞ்சிக்கு வந்து, அறவண அடிகளிடம் அறம் கேட்டு, நோன்பு பூண்டாள். அவள் பௌத்தத் துறவி. நம் மார்க்கத்தைச் சேர்ந்தவள் அல்லள். ஆனால் பல சமயங்களையும் விசாரித்து ஒன்றைத் தெரிந்துகொள்ளும் பெண்ணைத் தமிழ் இலக்கியம் காப்பியத் தலைவியாகவே வைத்திருக்கிறது. பெண்ணிடம் சமயம் பேசமாட்டோம் என்ற மனப்பான்மையையும் அதே காப்பியம் நமக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

நம் சபையின் வரலாற்றுக்கு வருவோம். திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தில் நிற்பவர் யார்? தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு மராத்திப் பிராமண விதவை, குளோரிந்தா. உடன்கட்டையிலிருந்து ஓர் ஆங்கில அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வேதத்தை அறிந்து ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் அந்த அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதற்காக மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். மறுக்கப்பட்டவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. அதிகாரி இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் அவருடையது. 1785இல் ஆலயம் எழும்பியதும் அவர் முயற்சியால்தான். கவனியுங்கள்: அங்கே போதகர் வந்து சபை உண்டாகவில்லை. ஒரு பெண் சபையைக் கூட்டிவைத்து, எங்களுக்குப் போதிக்க ஆள் அனுப்புங்கள் என்று கேட்டார், சத்தியநாதன் என்ற உபதேசியார் அனுப்பப்பட்டார். அப்படித் தொடங்கிய தமிழ்ச் சபையின் வழியில் வந்த நாம், ஆண்டுக்கு ஒருமுறை பெண்கள் ஞாயிறு அன்று மட்டும் பிரசங்க பீடத்தைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்?

பவுல் தடுத்திருக்கிறாரே என்பார்கள். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வேதத்தை மதிக்கிறவர்கள் மனசாட்சியோடு எழுப்பும் ஆட்சேபம் இது. முதலாம் தீமோத்தேயு இரண்டாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனம், பெண் உபதேசம் பண்ணுவதற்கு இடமில்லை என்கிறது. சரி. அதே அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். தலைப்பின்னல், பொன், முத்து, விலையுயர்ந்த உடை இவற்றால் பெண்கள் தங்களை அலங்கரிக்கக் கூடாது என்று அங்கே இருக்கிறது. இந்த ஊர்த் தறியில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்கிறோம். பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் ஏற்றிய சரிகையைக் கொடுக்கிறோம். அந்த முகூர்த்தப் புடவையை உடுத்தித்தான் நம் மணப்பெண் ஆலயத்துக்குள் வருகிறாள். எந்த ஆயராவது அவளை வாசலில் நிறுத்தினாரா? நிறுத்த வேண்டியதில்லை, ஒன்பதாம் வசனம் அந்தக் காலத்து எபேசு சபைக்குச் சொன்ன புத்திமதி என்று நாம் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் மூன்று வசனம் தள்ளி வருவது மட்டும் எப்படி எக்காலத்துக்குமான சட்டமாகும்? கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் நடப்பில் உள்ள வழக்கமாகவே பேசுகிறார். கல்விமானாகிய அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தைத் திருத்தமாக விளக்கிய இருவரில் ஒருவர் பிரிஸ்கில்லாள். இந்தப் பகுதிகளை மறைத்துவிட்டு ஒரு வசனத்தை மட்டும் உயர்த்திப் பிடிப்பதை நான் வேத பக்தி என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பெண்கள் படிக்கட்டும், ஆனால் அதிகாரம் எதற்கு என்று மென்மையாகக் கேட்பவர்களும் உண்டு. பண்டிதை ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். 1922இல் இறக்கும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். படிப்புக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் படிப்பு மட்டும் உரிமையைக் கொண்டுவந்துவிடாது. எண்ணாகமம் இருபத்தேழில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் சபையார் அனைவர் முன்பும் நின்று தகப்பனுடைய சொத்தில் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். அந்த அதிகாரத்தைத் தலைமுறை தலைமுறையாக வாசித்த கிறிஸ்தவர்களுக்கு, 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் உறுத்தவில்லை. மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது அந்தச் சட்டம். மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போய், 1986இல் சம பங்கு பெற்றுத் தந்தார். வேதம் எப்போதோ கொடுத்த நீதியை நீதிமன்றம் கொடுக்க வேண்டியதாயிற்று; காரணம், வேதத்துக்கு விளக்கம் சொல்லும் இடங்களில் மகள்கள் இல்லை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயராக புஷ்ப லலிதா அம்மையார் வர 2013 ஆயிற்று.

ஆகவே தாய்மார்களே, இரண்டு காரியம் கேட்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வேதபாட வேளையில் முதலாம் தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்தையும் எண்ணாகமம் இருபத்தேழையும் நீங்களே எடுத்து, நீங்களே விளக்கம் சொல்லுங்கள். குருசேகரக் கமிட்டித் தேர்தல் வரும்போது, காபி கொடுக்கவும் ஆலயத்தைக் கூட்டவும் பெயர் கொடுத்தது போதும். செயலாளர் பதவிக்கும் பொருளாளர் பதவிக்கும் மனு கொடுங்கள். சகோதரர்களே, அந்த மனுவை முன்மொழியும் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.