கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பவர் மிக்ஸரை இணைத்து இயக்கும் முறை பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். மிக்ஸர் என்றதும் ஓமப்பொடியும் வேர்க்கடலையும் கலந்த பலகாரம் சிலர்க்கு நினைவு வரலாம். நாம் பேச வந்ததோ, பல மைக்குகளின் ஒலியை ஒன்றாய்க் கலந்து பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியைப் பற்றி. கலக்கும் மிக்ஸரும் பெருக்கும் ஆம்பிளிஃபயரும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் அதற்கு இப்பெயர். நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதி வருகிறோம். கையால் தொட்டுப் பழகியதையே கூறுவோம்.

மேடையும் செவியும் தமிழர்க்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடரங்கம் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாய் இருக்க வேண்டும் என அளந்து கூறுகிறது. திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவைப் போன்ற நாடகக் கலைஞர்கள், மைக்கின் துணையின்றியே கொட்டகை முழுதும் கேட்கப் பாடிப் புகழ் பெற்றனர். மேலைநாட்டிலோ 1919இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியேகோ நகரில் ஒலிபெருக்கியின் வாயிலாகச் சுமார் 50,000 மக்கள் முன் பேசினார். அன்று உலகம் வியந்த அவ்வசதி இன்று ஒருவர் தூக்கிச் செல்லும் பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

இது நமக்கு ஏன் வேண்டும்? கோந்த்வாவில் வளரும் நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் கற்கின்றனர். அவர்கள் ஊரறியத் தமிழில் பேசும் மாலை ஆண்டுக்கு ஒன்றே. ஒரு விழாவில் சிறுமி ஒருத்தி மூன்று மாதம் பாடம் செய்த பேச்சை முழங்கினாள். ஸ்பீக்கரோ இடிபோல் அதிர்ந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த பாட்டியார், “பிள்ளை என்ன சொல்லிற்று?” என்று பக்கத்திலிருந்தவரை வினவினார். ஒலிக்குக் குறைவில்லை, தெளிவுக்கே குறைவு. ஆகவே, ஓசையைப் பெருக்குவதன்று, சொல்லைச் சேர்ப்பதே இக்கருவியின் வேலை என்பதை முதற்கண் மனத்தில் நிறுத்துவோம்.

இனி இணைப்பு முறை. மின்சாரம் வருமுன் குமிழ்கள் யாவும் கீழ்நிலையில் இருத்தல் வேண்டும். மூன்று ஊசி பிளக்கையே பயன்படுத்துக. இரைச்சல் நீங்குமென்று எர்த் ஊசியை ஒடித்துவிடுவார் உளர். அது உயிரோடு விளையாடுவதாகும். பழுது நேர்ந்தால் மைக்கைப் பிடித்தவர் மீதே மின்சாரம் பாயும்.

ஸ்பீக்கர் கம்பியும் இசைக்கருவிக் கம்பியும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வேறு. ஸ்பீக்கருக்குத் தடித்த கம்பியே வேண்டும். மெல்லியதை மாட்டினால் சூடேறி ஆற்றல் வீணாகும். மீட்டர்கேஜ் பாதையில் பிராட்கேஜ் எஞ்சினை ஏற்றுவார் உண்டோ? உள்ளேயே ஆம்பிளிஃபயர் கொண்ட ஸ்பீக்கரைப் பவர் மிக்ஸரின் ஸ்பீக்கர் துளையில் மாட்டலாகாது, அது கெடும்.

அடுத்து, ஓம் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். எண் குறையக் குறையப் பெட்டியின் சுமை கூடும். எத்தனை ஓமுக்குக் கீழே போகலாகாது என்பது பெட்டியின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் படித்த பின்னரே ஸ்பீக்கரை மாட்டுக.

மைக்குகளை மைக் துளையிலும், ஆட்டத்துக்குரிய பாட்டை ஒலிக்கும் கைப்பேசியை லைன் துளையிலும் இணைக்க வேண்டும். கைப்பேசியை முன்னரே விமான நிலைக்கு மாற்றிவிடுக. இன்றேல் பரதநாட்டியத்தின் நடுவே யாருடைய அழைப்போ அரங்கம் அதிர ஒலிக்கும். 48 வோல்ட் என்று குறித்த பொத்தான் கண்டென்சர் மைக்குக்கு உரியது. சாதாரண டைனமிக் மைக்குக்கு வேண்டுவதில்லை. பிற கருவிகளை முதலில் இயக்கிப் பவர் மிக்ஸரை இறுதியில் இயக்குக. அணைக்கும்போது அதனையே முதலில் அணைக்க வேண்டும். இம்முறை தவறினால் ‘டப்’பென்னும் அதிர்ச்சி ஸ்பீக்கரைத் தாக்கும்.

இனி ஒலியைச் சீர்செய்வது. ஒவ்வொரு மைக்காக எடுத்துக்கொள்க. “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று முணுமுணுப்பதால் பயனில்லை. மேடையில் பேசப்போகிறவரே, பேசப்போகும் குரலில் பேச வேண்டும். சிவப்பு விளக்கு எப்போதேனும் ஒருமுறை மின்னும் அளவுக்குக் கெயின் குமிழை உயர்த்திச் சற்றே இறக்குக. ஓயாது எரியுமாயின் சொல் சிதைகிறது என்று பொருள்.

பேஸ் குமிழை ஏற்றினால் ஒலி கம்பீரமாய்த் தோன்றும். ஆனால் சொல்லைச் சொல்லாக்கும் மெய்யெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் மேல் அலைவரிசையில்தான் உள்ளது. பேச்சுக்குப் பேஸைக் குறைத்தால் சொல் துலங்கும். நம் இளைஞர்க்கு மிக விருப்பமான எக்கோவைப் பாட்டுக்குச் சிறிதளவு வைக்கலாம். பேச்சுக்கு அறவே வேண்டா. சுற்றிலும் அடுக்குமாடிகள் நிற்கும் நம் காலனியில் சுவர்களே வேண்டுமளவு எதிரொலி தருகின்றன.

மைக் ஏன் ஊளையிடுகிறது? ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி புகுவதால்தான். ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னால், அவையோரின் தலைக்கு மேல் உயர்த்திக் கடைசி வரிசையை நோக்கி வைக்க வேண்டும். பேசாத மைக்குகளை மூடி வைக்க வேண்டும். திறந்த மைக்குகள் கூடக்கூட ஊளையும் விரைவில் வரும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்துதல் கூடாது. குமிழை ஏற்றுவதினும் வாயை மைக்குக்கு அருகில் கொணர்தல் நன்று. தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். ஆகவே நான்கு விரற்கடை தொலைவே போதும். குழந்தை பேசும்போது ஸ்டாண்டைக் குழந்தையின் உயரத்துக்குத் தாழ்த்துவது நம் கடமை. எக்கி நின்று பேசுவது அதன் கடமையன்று.

இறுதியாக, அண்டை வீட்டார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குரிய அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைத்தல் ஆகாது. பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அதற்குத் தடை உண்டு. மாநில அரசு குறிக்கும் விழா நாள்களில் மட்டும், ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை விலக்கு அளிக்கலாம். உச்ச நீதிமன்றமும் 2005இல் இவ்விரவுக் கட்டுப்பாட்டை வலியுறுத்தியது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று. தேர்வுக்குப் படிக்கும் மராத்தி மாணவனும், நோயுற்றுப் படுத்திருக்கும் உருது பேசும் முதியவரும் நம் சுவருக்கு அப்பால்தான் இருக்கின்றனர். தமிழ் அவர்கள் செவிக்கு இரைச்சலாய்ப் போய்ச் சேரலாமா? நம் அவைக்குத் தெளிவாகவும் அவர்களுக்கு மென்மையாகவும் கேட்பதே நல்ல அமைப்பு.

இதற்கு வாடகைக்காரரின் தயவையே நம்பியிருக்க வேண்டியதில்லை. இளைஞர் இருவரும் மகளிர் இருவரும் இப்பயிற்சி பெற முன்வருக. விழாவன்று இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து இணைத்து, ஒருவர் மேடையில் பேச, மற்றொருவர் கடைசி நாற்காலியில் அமர்ந்து கேட்க வேண்டும். அவை நிறைந்ததும் மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். அப்போது மீண்டும் ஒருமுறை கடைசி வரிசைக்குச் சென்று செவி கொடுத்துச் சிறிது திருத்த வேண்டும். குமிழ் முன்னால் இருக்கலாம். அதைத் திருப்புகிறவரின் செவி பின்னால் இருக்கட்டும்.