அனாமத்துக்கு ஒரு கெடு

(கணக்கியல் கருத்தரங்கின் தலைமை உரை, லத்தா, யாங்கோன்)



கணக்குப் பிழைகளைத் திருத்துவது பற்றிப் பேச லத்தாவில் கூடியிருக்கிறோம். இங்கிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் ஷ்வே போந்தா தெரு வரும். நம் பெரியவர்களுக்கு அது மொகல் தெரு. நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடங்கள், இருந்த தெரு. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது இந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. முதலாளி செட்டிநாட்டில், பணம் ஐராவதிக் கழிமுகத்து நெல்வயலில், நடுவே கடல். மூன்றாண்டுத் தவணையில் வந்த ஏஜெண்ட் பெட்டியடியில் அமர்ந்து எழுதிய ஏடும், ஊருக்கு அனுப்பிய ஐந்தொகையும்தான் முதலாளியின் கண்கள். நேரில் வந்து பார்க்க இயலாதவர் நம்பிப் படிப்பதற்காகவே கணக்கு எழுதப்படுகிறது. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இதை ஒட்டியே.

இளவயதில் ஒரு கடையில் கணக்கு எழுதிவந்தேன். ஒரு மாதக் கடைசியில் இருப்பாய்வு எடுத்தபோது பற்றுப் பக்கம் 300 கியாட் கூடி நின்றது. இரவு ஒன்பது மணி. முந்நூறுதானே என்று ‘சில்லறை வருமானம்’ எனப் போட்டு இரு பக்கத்தையும் சமன் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து ஓர் அம்மா ரசீதோடு வந்து நின்றார். அவர் கட்டிய 20,000 கியாட் ரொக்க ஏட்டில் ஏறியிருந்தது. அவருடைய கணக்கில் ஏறவில்லை. கட்டிய பணத்தை மறுபடியும் கேட்டு ஆள் அனுப்பியிருந்தோம். தேடிப் பார்த்தால், அதே மாதம் ரொக்கமாகக் கொடுத்த வண்டிக்கூலி 19,700 செலவுக் கணக்குக்கு எடுத்தெழுதப்படாமல் கிடந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, மிச்சமாகக் காட்டியது அந்த முந்நூறை மட்டும். நாலாக மடித்து, ஓரம் கசங்கிய அந்த ரசீதை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிரவு நான் செய்திருக்க வேண்டியது எளிது. 300ஐ அனாமத்துக் கணக்கில் வரவு வைத்து, தேதி போட்டு, ‘காரணம் தேடப்படுகிறது’ என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு பிழை தெரிந்ததும் அனாமத்தில் 20,000 பற்று, அந்த அம்மாவின் கணக்கில் 20,000 வரவு. அடுத்தது தெரிந்ததும் வண்டிக்கூலியில் 19,700 பற்று, அனாமத்தில் 19,700 வரவு. அனாமத்து தானாகத் தீர்ந்திருக்கும். ‘எனக்கு இன்னும் விளங்கவில்லை’ என்பதைப் பேரேட்டிலேயே பகிரங்கமாக ஒப்புக்கொள்வதுதான் அனாமத்துக் கணக்கு. ஆண்டுக்கணக்கில் அதைத் தூங்கவிட்டால் அந்த ஒப்புதலே மறைப்பாகிவிடும்.

தேடுவதற்கும் முறை உண்டு. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், 54 என்பது 45 என்று இலக்கம் மாறி விழுந்திருக்கலாம். இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகை பக்கம் மாறி ஏறியிருக்கலாம். ஆனால், நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் உள்ள கடையில் எங்கே தேடுவது? அதற்கு வழிகாட்டுவது கட்டுப்பாட்டுக் கணக்கு. ரொக்க ஏட்டிலும் விற்பனை ஏட்டிலும் கூட்டிய மொத்தத் தொகைகள் அதில் ஏறும். தனித்தனி வாடிக்கையாளர் இருப்புகளைப் பட்டியலிட்டுக் கூட்டினால் அதன் இருப்போடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால், பேரேடு முழுவதையும் புரட்டாமல் அந்த ஒரு பிரிவைத் துருவினால் போதும். பட்டியலிடுபவரும் கட்டுப்பாட்டுக் கணக்கை எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் காவல் இரட்டிப்பாகும்.

இருப்பாய்வு சமன்பட்டதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணவும் கூடாது. புதிதாக வாங்கிய தராசைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினால் அது விதிப்பிழை. இரு பக்கமும் அப்போதும் ஒத்துத்தான் வரும். ஒரு விற்பனையை அடியோடு எழுதாமல் விட்டாலும் அப்படியே. இதைவிடப் பெரிய பாடம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, ஏட்டில் கூட்டல் சரியாக இருந்தும் கடன் திரும்பவில்லை. ஈடாக இருந்த நிலம் கைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6. 1938இல் நூற்றுக்கு 25. உழவர் நிலம் இழந்தார். கடன் கொடுத்தவரின் முதலும் சேற்றில் சிக்கியது. வரவேண்டியதாக எழுதிய தொகை உண்மையில் வருமா என்று எந்த இருப்பாய்வும் சொல்லாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

எனவே இக்கருத்தரங்கின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். அனாமத்தில் ஏறும் ஒவ்வொரு தொகைக்கும் தேதியும் பொறுப்பாளர் பெயரும் தீர்க்க வேண்டிய கெடுவும் எழுதுவோம். கட்டுப்பாட்டுக் கணக்கை மாதந்தோறும் பட்டியலோடு ஒப்பிடுவோம். பிழையான பதிவை அழிக்காமல், காரணம் காட்டும் திருத்தப் பதிவால் சரிசெய்வோம். கணினியில் எழுதினாலும் இதில் மாற்றம் வேண்டாம்.

நாளை உங்கள் மேசை முன்னும் யாராவது ஒருவர் ரசீதோடு வந்து நிற்கலாம். அவர் வருவதற்கு முன்பே நம் ஏடு அந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.