தோண்டிப் பார்க்காத அன்பு



கோடை விடுமுறையில் நம் புத்தூரிலிருந்து வேளாங்கண்ணிக்கோ இராமேசுவரத்துக்கோ போய்த் திரும்பும் பிள்ளைகளின் பையில் சங்கும் சிப்பியும் இருக்கும். சில நேரம், வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சங்கு தானாக நகரும். உள்ளே ஒரு சிறு நண்டு! துறவி நண்டு என்று அதற்குப் பெயர். அதன் உடலின் பின்பகுதி மென்மையானது. அதைக் காத்துக்கொள்ள, இறந்துபோன கடல் நத்தையின் கூட்டுக்குள் புகுந்து வாழ்கிறது. துறவி குகையில் இருப்பதுபோல் இருப்பதால் அந்தப் பெயர்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். அதைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் நல்லது. கடல் நீரில் வாழும் வகை, நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் பிழைக்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்துவரக் கூடாது. ஆனால் நிலத்தில் வாழும் வகை ஒன்றும் உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் அதைக் கடைகளில் விற்கிறார்கள். அங்கே குடியிருக்கும் நம்மவர் வீடுகளிலும் பேரப்பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் மணல் நிரப்பி அதை வளர்ப்பது உண்டு. அந்தப் பிள்ளைகள் ஒருநாள் தொலைபேசியில் அழுவார்கள்: “தாத்தா, நண்டு மண்ணுக்குள்ள போயி பத்து நாளாச்சு. செத்துப்போச்சு போல.”

பெரும்பாலும் அது சாகவில்லை. வளர்ந்துகொண்டிருக்கிறது.

நண்டின் தோல் நம் தோலைப் போல் உடலோடு சேர்ந்து வளர்வதில்லை. வளர வேண்டுமானால் பழைய தோலை முழுவதும் கழற்றியாக வேண்டும். கால், கொடுக்கு, கண்ணின் மேல் உள்ள மெல்லிய உறை, எல்லாமே கழலும். அதற்கு முன்பு அது நிறையத் தின்னும், தண்ணீர் குடிக்கும், நிறம் மங்கும், கண் புகை படிந்ததுபோல் ஆகும். பிறகு ஈர மணலுக்குள் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். அங்கே இருட்டில் தோலை உரிக்கும். முன்பு இழந்த கால் இருந்தால், அந்த இடத்தில் புதுக் கால் முளைத்து வரும். உரித்த தோலை வீணாக்காமல் தானே தின்னும். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தால்தான் புதுத் தோல் கெட்டிப்படுகிறது. சிறிய நண்டுக்கு நாலைந்து வாரம் ஆகலாம். பெரியதற்கு இரண்டு மாதமும், அதற்கு மேலும் ஆகும்.

இந்த நாட்களில் வளர்ப்பவர் செய்ய வேண்டியது என்ன? தோண்டாமல் இருப்பது. உயிரோடு இருக்கிறதா என்று கிளறிப் பார்த்தால், அந்தப் பார்வையே அதற்குச் சாவாகிவிடும். ஏனென்றால் அப்போது அதன் உடல் முழுவதும் மெத்தென்று இருக்கும்.

ஆனால் தோண்டாமல் இருப்பது என்றால் மறந்துவிடுவது என்று பொருள் அல்ல. நண்டு முழுதாக மறையும் அளவுக்கு மணல் ஆழமாக இருக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் வேண்டும். தொட்டி மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் காற்றில் ஈரம் இல்லாவிட்டால் அதன் செவுள் மூச்சு வாங்காது. ஒரு கிண்ணத்தில் குளோரின் இல்லாத நல்ல தண்ணீர், இன்னொன்றில் கடல் உப்பு கலந்த தண்ணீர். சமையல் உப்பு கூடாது. முட்டை ஓட்டுப் பொடியோ, கணவாய் ஓடோ சிறிது. வெளியே வரும்போது குடிபுக, இன்னும் சற்றுப் பெரிய வெற்றுக் கூடுகள் இரண்டு மூன்று. மேலே, மணலுக்கு வெளியிலேயே ஒரு நண்டு தோல் உரித்துவிட்டால், மற்ற நண்டுகள் வந்து அதைக் கடித்துவிடாமல் பிரித்து, மூடி, இருட்டாக்கி வைக்க வேண்டும். உரித்த தோலை அதன் பக்கத்திலேயே விட வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, நம் பங்கிலும் இப்படி மணலுக்குள் போனவர்கள் இருக்கிறார்கள். கணவனைப் பறிகொடுத்த பிறகு திருப்பலிக்கு வராத சகோதரி. பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை. குடியை விட்டுவிட்டுச் சிகிச்சையிலிருந்து திரும்பி, தெருவில் யார் முகத்தையும் பார்க்காமல் நடக்கும் அண்ணன். அவர்களைப் பற்றி நாம் சீக்கிரம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். “அவன் அவ்வளவுதான்” என்கிறோம். அல்லது அன்பு என்று எண்ணிக்கொண்டு கிளறுகிறோம். “என்ன ஆச்சு? எத்தனை மார்க்? இன்னுமா அழுறே?” மருத்துவமனைக் கட்டிலருகே நின்றுகூட இப்படி விசாரிப்பவர்கள் உண்டு.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். அரசி ஈசபேலுக்குப் பயந்து ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் படுத்து, செத்துவிட்டால் போதும் என்று இறைவனிடம் கேட்டவர் அவர். வானதூதர் வந்தார். கேள்வி கேட்கவில்லை, கண்டிக்கவில்லை. தொட்டு எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு மீண்டும் படுத்துக்கொண்டார். தூங்க விட்டார். இரண்டாம் முறையும் வந்து உணவு கொடுத்தார். அதன் பிறகுதான் பயணம், ஓரேபு மலை, மெல்லிய ஒலியில் இறைவனின் குரல்.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. எலியா சாவை விரும்பினார். வானதூதர் அவரைத் தனியே விட்டுவிடவில்லை. வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அல்லது சாப்பிடாமல், தூங்காமல் நாட்கள் கடத்தினால், அது தானாகச் சரியாகிவிடும் என்று இருக்கக் கூடாது. உடனே பக்கத்தில் போய் உட்கார வேண்டும், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசமாகப் பேசுகிறது. அதில் தமிழிலும் பேசலாம்.

மற்றவர்களுக்கு நாம் தரக்கூடியது ஈரமும் காவலும்தான். ஒரு தூக்குவாளியில் ரசம் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, கேள்வி கேட்காமல் திரும்பலாம். அவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போது, நம்மோடு அதை நிறுத்திவிடலாம். ஆலயத்தில் அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு வைக்கலாம். வருகிற நாளில், “எங்கே இத்தனை நாளா காணோம்?” என்று கேட்காமல், “வாங்க” என்று மட்டும் சொல்லலாம். அவர்கள் பழையபடி இருக்க மாட்டார்கள். சற்று வளர்ந்திருப்பார்கள். பழைய கூடு அவர்களுக்குப் போதாது. அதற்கேற்ற இடத்தை நாம் கொடுக்க வேண்டும்.

இந்த வாரம் நம் தெருவில் அப்படி ஒருவர் யார் என்று யோசிப்போம். அவருக்காக ஒரு செபமாலை சொல்வோம். ஒரு வேளை உணவும் கொண்டுபோவோம்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.