காசநோயும் தேசியக் கொள்கையும்: பெங்களூருவில் உருவான பாடம்

வளரும் நாடுகளில் மக்களின் உடல்நலம் மருத்துவ அறிவால் மட்டும் அமைவதில்லை. அந்த அறிவை யாரிடம், எந்த வழியாக, யார் செலவில் கொண்டுசேர்ப்பது என்று அரசு எடுக்கும் முடிவும் அதை அமைக்கிறது. இந்தியாவில் இதற்குத் தெளிவான சான்று காசநோய். அந்நோய்க்கான தேசியத் திட்டம் வடிவம் பெற்ற ஊர் பெங்களூரு.

நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946இல் வெளிவந்த போர் (Bhore) குழு அறிக்கை, நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுக்கு 5 லட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்கென இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000. சானடோரியம் எனப்படும், நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனைகளைக் கட்டியே இந்நோயை வெல்வது என்றால் எத்தனை தலைமுறையானாலும் முடியாது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிட்டது. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு இன்னொரு உண்மையை வெளிக்கொணர்ந்தது. நகரத்து நோய் என்று கருதப்பட்ட காசநோய் கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவில் பரவியிருந்தது. மக்களில் பெரும்பாலோர் கிராமங்களில் வாழ்ந்ததால், நோயாளிகளிலும் பெரும்பாலோர் அங்கேயே இருந்தனர்.

இந்த நெருக்கடிக்கு முதல் விடை சென்னையில் கிடைத்தது. 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் அதே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடியும் அரைகுறை உணவுமே வாய்த்தன. ஆயினும் குணமானோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, மருந்தைத் தவறாமல் கொடுக்க முடிந்தால் படுக்கை தேவையில்லை என்று உலகுக்கே காட்டியது.

மருந்தைக் கோடிக்கணக்கான மக்களிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது? அதற்கு விடை தேடவே 1959இல் பெங்களூருவில் தேசியக் காசநோய் நிறுவனம் நிறுவப்பட்டது. மருத்துவர்களோடு புள்ளியியலாளர்களும் சமூகவியலாளர்களும் அங்கே சேர்ந்து பணியாற்றினர். தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் செய்த ஆய்வு அந்தக் கூட்டு முயற்சியின் சிறந்த விளைவு. கிராமத்தார் நோயைப் பொருட்படுத்துவதில்லை, மூடநம்பிக்கையால் மருத்துவமனைக்கு வருவதில்லை என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. ஆய்வு அதைப் பொய்யாக்கியது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தங்கள் அறிகுறிகளை உணர்ந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ நிலையங்களுக்குச் சென்றும் இருந்தனர். அங்கே அவர்களுக்குச் சளிப் பரிசோதனை நடக்கவில்லை. பெரும்பாலும் இருமல் மருந்தே கிடைத்தது. குறை மக்களிடம் இல்லை, அவர்களை எதிர்கொண்ட அமைப்பில் இருந்தது.

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இந்தக் கண்டுபிடிப்பின் மேல் கட்டப்பட்டது. தனி மருத்துவமனைகளை நம்பியிராமல், இருமலோடு தானாக வருபவரின் சளியை அருகிலுள்ள பொது மருத்துவ நிலையத்திலேயே சோதிப்பது, வீட்டிலிருந்தபடியே இலவச மருந்து கொடுப்பது, மாவட்டக் காசநோய் மையம் அதை மேற்பார்ப்பது என்பதே அதன் அமைப்பு. இதை வகுத்ததில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் பங்கேற்ற ஹால்ஃப்டன் மாலர், பின்னர் 1973இல் அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். 1978இல் அல்மா அட்டாவில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புப் பிரகடனம் அவர் காலத்திலேயே நிறைவேறியது. இந்தியாவின் 1983ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை அந்தப் பிரகடனத்தின் இலக்கை ஏற்றது.

நல்ல வடிவம் மட்டும் போதவில்லை. நிதி குறைந்தது, மருந்து வரத்து அடிக்கடி தடைபட்டது, ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களின் நேரத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் எடுத்துக்கொண்டன. 1992இல் நடந்த மறுஆய்வு, சிகிச்சையை முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று காட்டியது. அதன்பின் மருந்து உட்கொள்வதை நேரில் கண்காணிக்கும் முறை 1993இல் சோதிக்கப்பட்டு, 1997இல் திருத்திய திட்டமாக விரிந்து, 2006இல் நாடு முழுவதையும் எட்டியது. தனியார் மருத்துவர்களும் ஒவ்வொரு காசநோயாளியைப் பற்றியும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை 2012இல்தான் வந்தது.

மருந்துக்கு அப்பாலும் கொள்கைக்கு வேலை உண்டு. மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா தலைமையில் ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் அடங்கிய உணவுப்பொருள்கள் தரப்பட்டன. அவர்களிடையே புதிய காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என 2018இல் தொடங்கிய ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. குடும்பத்துக்கான உணவும் இதே உறுதியோடு கொடுக்கப்பட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்தியாவில் லட்சம் பேருக்கு 2015இல் 237ஆக இருந்த புதிய காசநோயாளிகள் 2023இல் 195ஆகக் குறைந்தனர். இது உண்மையான முன்னேற்றம். ஆனால் 2025க்குள் காசநோயை ஒழிப்பது என்ற இலக்கு எட்டப்படவில்லை. அதே ஆண்டுக்குள் அரசின் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவது என்ற 2017ஆம் ஆண்டுக் கொள்கையின் உறுதியும் நிறைவேறவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இக்கருத்தரங்கில் படிக்கப்படும் கட்டுரைகள் எந்த நோயைப் பற்றியவை ஆனாலும், காசநோய் வரலாறு அவற்றுக்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது. கொள்கை, நோயுற்றவர் முதலில் வந்து நிற்கும் இடத்தில் செயல்படுகிறதா? அதற்கான பணமும் மருந்தும் ஆட்களும் ஆண்டு முழுவதும் தடையின்றிக் கிடைக்கின்றனவா? நோயை வளர்க்கும் பசியையும் வறுமையையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை சொல்ல முடிகிற கொள்கையே மக்களின் ஆயுளைக் கூட்டும்.